காலியாக இருந்தால் நிரப்புக

காலை ஆறு மணிக்குப் பெயர்ப் பதிவகத்தின் புதிய மென்பொருள் மாநிலம் முழுக்க ஓடத் தொடங்கியது. ஆறேகால் வரைக்கும் ஆதிரை நிம்மதியாகத்தான் இருந்தாள்.

ஆறேகாலுக்குத் தண்ணீர் கேன் போடுகிற இனியன் கூப்பிட்டான். ஐந்து வருடமாக அவன் கூப்பிட்டால் கைப்பேசித் திரையில் 'செ. இனியன்' என்று வரும். இன்று அதற்குப் பின்னால் இன்னொரு சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்தது. அவனுடைய கொள்ளுத்தாத்தாவை எந்தத் தெருவுக்குள் விட்டார்கள், எந்தத் தெருவுக்குள் விடவில்லை என்று பார்த்தவுடன் சொல்லிவிடுகிற சொல். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கும் அந்த மென்பொருளுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

"அக்கா, ரெண்டு கேனா மூணு கேனா?" என்றான் இனியன். அவனுக்கு இன்னும் தெரியாது.

"ரெண்டு போதும்" என்று சொல்லி வைத்தாள் ஆதிரை. அந்த மென்பொருளைச் சோதித்து, 'சரியாக இருக்கிறது, ஓட விடலாம்' என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

இது 2061இல் நடந்தது. போலி அழைப்புகளில் ஊரே ஏமாந்து ஓய்ந்த பிறகு, எந்தத் திரையில் எவர் பெயர் வந்தாலும் அது பதிவகத்திலிருந்துதான் வரவேண்டும் என்று அரசு விதி போட்டிருந்தது. கைப்பேசி, ஆஸ்பத்திரி டோக்கன், பள்ளிக்கூட வருகைத் திரை, கல்யாண மண்டபத்து வாசலில் பளபளக்கிற வரவேற்புத் திரை எல்லாம் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தன. சாதியை எந்த ஆவணத்திலும் எழுதக்கூடாது, யாரும் யாரையும் கேட்கவும் கூடாது என்ற சட்டம் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று அவசரப்பட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று முக்கால்வாசிப் பேருக்கு உறுதியாகத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாத காரணத்தாலேயே ஊர் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஏழரைக்கு ஆதிரை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ரித்திகா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். சோதனைப் பிரிவில் ஆதிரைக்கு அடுத்தவள். தலைகூட வாராமல் வந்திருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம். நீங்க மொதல்ல உக்காருங்க."

திரையில் மென்பொருள் அமைப்புகளின் நூற்றுப் பதினோராவது பக்கம். கீழ்மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'கடைசிப் பெயர்: காலியாக இருந்தால் நிரப்புக.' அதன் பக்கத்தில் ஒரு டிக்.

"யாரு போட்டது இதை?"

"யாரும் போடல. டிஃபால்ட்டாவே அப்படித்தான் வந்திருக்கு. வித்த கம்பெனி வெளிநாடு மேடம். அங்கெல்லாம் கடைசிப் பேர் இல்லாத மனுஷனே கிடையாது. காலியா இருந்தா எழுத மறந்துட்டாங்கன்னு அர்த்தம். ஒத்தாசை பண்றதா நெனச்சு டிக் போட்டே அனுப்பியிருக்கான்."

"எதை வெச்சு நிரப்புது?"

"கையில கெடைக்கறத வெச்சுத்தான். பழைய நிலப் பத்திரம், நூறு வருஷத்துக்கு முந்தின ஸ்கூல் சர்டிபிகேட்டு, எல்லாத்தையும் நாமதானே ஸ்கேன் பண்ணி உள்ள ஏத்தினோம். தாத்தா, அவரோட தாத்தான்னு தேடிக்கிட்டே போய், இதுவாத்தான் இருக்கும்னு ஒண்ண ஊகிச்சுப் போட்டுடுது."

"அப்ப டெஸ்ட்ல ஏன் வரல? நாலு வாரம் பண்ணோமே!"

ரித்திகா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். சோதனைக்காக அவர்கள் உருவாக்கிய நானூறு பொய் ஆட்களின் பட்டியல். நானூறு பேருக்கும் கடைசிப் பெயர் இருந்தது. ஒவ்வொன்றும் அப்பாவின் பெயர்.

முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலிருந்து நம் ஆட்கள் செய்துவருகிற வேலை அது. கடைசிப் பெயர் என்று ஒரு பெட்டி கேட்கும். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. காலியாக விட்டால் படிவம் நகராது. உடனே அப்பா பெயரை அங்கே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை, கை தானாகச் செய்துவிடும். வெளியூர்க்காரன் ஒருவன் சோதித்திருந்தால், என்ன ஆகிறது பார்ப்போம் என்று ஒரு பெட்டியையாவது காலியாக விட்டிருப்பான். சோதனைப் பிரிவின் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஆனால் பதிவகத்தில் பெயர்கள் பிறப்புச் சான்றிதழிலிருந்து நேராக ஏறியவை. முன்னெழுத்துக்கு அங்கே தனி இடம். ஏழு கோடிப் பேரின் கடைசிப் பெட்டியும் காலியாகத்தான் இருந்தது.

"டிக்கை எடுத்துடலாம்" என்றாள் ஆதிரை.

"உங்க அனுமதிச் சாவியோட செயலர் சாவியும் வேணும் மேடம். நான் பாத்துட்டேன்."

அப்போதுதான் தம்பி கூப்பிட்டான். 'ம. மகிழன்' என்று வந்து, அதற்குப் பின்னாலும் ஒரு வால் தொங்கியது. அவள் குடும்பத்தின் சொல். அப்பா மணிமாறன் சாகும்வரை வீட்டில் உச்சரிக்காத சொல். ஆதிரைக்கு அது தெரியும், தெரியாததுபோல இருந்து பழக்கம். தம்பியின் பெயருக்குப் பின்னால் அதைப் பார்த்தபோது யாரோ அவன் சட்டையைப் பிடித்து நடுத்தெருவில் நிறுத்தியதுபோல இருந்தது.

"அக்கா, நியூஸ்ல சொல்றதெல்லாம் உங்க ஆபீஸ் விஷயமா?"

"ஆமாடா."

அன்று சாயங்காலம் நாலரைக்கு வடமேட்டில் மகிழனின் மனைவி நிலாவுக்கு வளைகாப்பு. வடமேடு சென்னையிலிருந்து ஆறு மணி நேரம். மாப்பிள்ளை வீட்டுக்கு என்று இருக்கிற ஒரே ஆள் ஆதிரைதான், ஆனால் மென்பொருள் மாறுகிற வாரம் யாருக்கும் விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நிலாவும் மகிழனும் கல்லூரியில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். "நம்ம ஆளுங்கதானேடி?" என்று நிலாவின் பெரியப்பா கேட்டபோது, கேட்பதே குற்றம் என்று சட்டம் இருந்தும், நிலா தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலின் மேல்தான் அந்தக் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது. அதே பெரியப்பா சொந்த மகளையே எட்டு வருடமாக வீட்டு வாசலில் ஏற்றவில்லை. அந்தப் பெண்ணின் கணவனுக்கு நடந்த விபத்தைப் பற்றி வடமேட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதுமில்லை.

"மண்டபத்துல திரை இருக்குக்கா" என்றான் மகிழன். "வாசல்ல ஆளுயரத்துக்கு. உள்ள வர்றவங்க பேர் சின்னதா ஓடும். என் பேரும் நிலா பேரும்தான் பெருசா ஓடும். நாலு மணிக்குப் போடுவாங்க."

"அணைச்சு வைக்கச் சொல்லேன்."

"எப்படிச் சொல்றது? மாமா ஆசையா ஏற்பாடு பண்ணது. இன்னிக்குப் போய் அணைங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. இன்னிக்கு எவன் அணைக்கச் சொல்றானோ அவன் எதையோ மறைக்கறான்னுதானே அர்த்தம்?" அவன் குரல் தாழ்ந்தது. "நிலா காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. ஏழு மாசம்க்கா."

"நீ யாருக்கும் போன் பண்ணாத. யாராவது கூப்பிட்டா எடு, நீயா கூப்பிடாத. நாலு மணிக்குள்ள எடுத்துடறேன்."

"முடியுமா?"

"ஒரு டிக்குதான்டா."

செயலர் ஹரிஷ் நல்ல மனிதர், ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருந்தது. இரண்டும் சேர்ந்தால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். ஆதிரை சொல்வதைக் கடைசிவரை கேட்டார். "தப்புதான், எடுக்க வேண்டியதுதான்" என்றார். ஆனால் சாவியை மட்டும் எடுக்கவில்லை.

"மேல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சுடலாம்மா. பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிடம் பதினோரு மணி ஆகியும் முடியவில்லை. அதற்குள் ஊர் சும்மா இருக்குமா? புழுத்துப்போன பழைய அழுக்கை அரசாங்கமே தோண்டி எடுத்துவிட்டது என்று ஒரு கூட்டம் பேருந்துகளை மறித்தது. பாட்டன் பூட்டன் பெயர் திரும்பி வந்துவிட்டது, இனி இதில் கை வைத்தால் நடப்பதே வேறு என்று இன்னொரு கூட்டம் வேறொரு ஊரில் பட்டாசு வெடித்தது. கணக்குதான் வெளியே வந்துவிட்டதே, அதன்படி எங்களுக்கு எத்தனை சீட்டு என்று மூன்றாவதாக ஒருவர் டிவியில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் முடிவதற்குள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்களாம். ஆசிரியை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ரித்திகா அதைப் படித்துக் காட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மகிழன் ஒரே ஒரு வரி அனுப்பினான்: 'மண்டபத்துக்கு வந்துட்டோம்.'

ஒன்றரைக்கு இன்னொன்று: 'என்னக்கா ஆச்சு?'

ஆதிரை ஹரிஷின் அறைக்கு ஆறு தடவை போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் இரங்குவார். ஆனால் சொல்வதும் அந்தத் திரை செய்வதும் ஒன்றுதான். விழுங்கிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அமைச்சர் கூப்பிட்டனுப்பினார்.

"நீதான் ஆதிரையா? உக்காரும்மா" என்றார் அமைச்சர். மனிதர் கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஹரிஷ் சொன்னாரு. எடுத்துடலாம்ங்கறீங்க. எடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"காலைல ஆறு மணிக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும் சார்."

"ஆகாது. அங்கதான் தப்புப் பண்றீங்க." அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "போட்டது நாம இல்ல, மெஷினு. மெஷின் மேல யாரும் கோவப்பட முடியாது. ஆனா எடுத்தா, எடுத்தது நாமன்னு ஆயிடும். பட்டாசு வெடிக்கறானே, அவன் நாளைக்கு என் வீட்டு வாசல்ல நிப்பான். விட்டு வெச்சா பஸ்ஸை மறிக்கறவன் நிப்பான். ஒரு குழு போடுவோம். எல்லாத் தரப்பையும் கேட்டு, பதினஞ்சு நாள்ல ஒரு முடிவு எடுக்கட்டும்."

ஹரிஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு கோடிப் பேருக்கு வால் ஒட்ட யாரையும் ஒரு வார்த்தை கேட்கத் தேவைப்படவில்லை, அதைக் கழற்ற மட்டும் பதினைந்து நாளும் ஒரு குழுவும் வேண்டும். சுவரில் மணி மூன்று இருபத்தைந்து.

செய்யக்கூடாத ஒன்றைச் செய்யப்போகிறோம் என்று தெரிந்தே ஆதிரை கையிலிருந்த பலகைக் கணினியைத் திறந்தாள்.

"சார், அஞ்சு மணிக்கு உங்களுக்கு உங்க தொகுதியில மேடை இருக்குல்ல?"

"அதுக்கென்ன?"

"மேடைக்குப் பின்னாடி திரை இருக்கும். உங்க பேரு பதிவகத்துலேர்ந்துதான் வரும்."

கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அமைச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். இன்ன சமூகத்துப் பிள்ளை என்று எல்லோரும் நம்பித்தான் அவரை மூன்று தேர்தலில் ஜெயிக்க வைத்திருந்தார்கள். அவர் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் மறுத்ததும் இல்லை. திரையில் இருந்தது அந்தச் சொல் இல்லை.

"இது தப்பு" என்றார்.

"இருக்கலாம் சார். வெறும் ஊகம்தானே. உங்க கொள்ளுத்தாத்தா ஒரு பத்திரத்துல கைநாட்டு வெச்சிருக்காரு, அதுலேர்ந்து எடுத்திருக்கு. சரியானது எதுன்னு நீங்க எழுதிக் குடுத்து, கூட ஒரு பழைய ஆதாரமும் குடுத்தா, மாத்தறதுக்கு வழி இருக்கு."

அமைச்சரின் முகத்துக்கு ஒரு நிமிடத்தில் பத்து வயது கூடிவிட்டது. அது உண்மையா பொய்யா என்று ஆதிரைக்குத் தெரியாது. அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம். தம்பிக்கு எதை எவனாவது செய்துவிடுவான் என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாளோ, அதையே ஒரு வயதான மனிதருக்குத் தானே செய்துவிட்டோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கணினியை மூடவில்லை.

"பராமரிப்பு வேலைன்னு அறிக்கை குடுத்துடுங்க" என்றார் அமைச்சர் கடைசியில், யாரையும் பார்க்காமல். "தொழில்நுட்பக் கோளாறு, சரி செய்யப்பட்டது. அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் ஹரிஷ் ஓட்டமும் நடையுமாகத் தன் அறைக்குப் போய்ச் சாவியை எடுத்தார். "விசாரணை வரும்மா. உன் தலையிலதான் விழும்."

"விழட்டும் சார். சீக்கிரம் போடுங்க."

மூன்று நாற்பத்தெட்டுக்கு டிக் போனது. மாநிலத்தின் கடைசித் திரைக்கு அது போய்ச் சேர எட்டு நிமிடம் ஆகும் என்று ரித்திகா சொன்னாள். இருவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஐம்பத்தாறுக்கு ரித்திகா பக்கத்து மேசையிலிருந்து ஆதிரையைக் கைப்பேசியில் கூப்பிட்டுப் பார்த்தாள். ஆதிரையின் திரையில் ரித்திகாவின் பெயரும் முன்னெழுத்தும் மட்டும் வந்தன. ரித்திகா மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். ஆதிரைக்கு அழக்கூட நேரமில்லை. நாலு மணிக்குத் தம்பிக்கு, 'எடுத்தாச்சு. தைரியமா இரு' என்று அனுப்பினாள்.

பதில் வரவில்லை. விழாவில் இருப்பான், வளையல் போடுகிற நேரம், பெண்கள் கூட்டம், பாட்டு, கேட்டிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலரை ஆனது, நாலே முக்கால் ஆனது. பெரியப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த மருமகனின் விபத்து நினைவுக்கு வந்தது. ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. 'ம. மகிழன்'. அவ்வளவுதான், பின்னால் ஒன்றுமில்லை.

"டேய், என்னடா ஆச்சு? நிலா எங்க? நல்லா இருக்காளா?"

"நல்லாத்தான் இருக்கா. பக்கத்துலதான் இருக்கா."

"திரை?"

"நாலு மணிக்குப் போட்டாங்கக்கா. சரியா வந்துச்சு. ம. மகிழன், த. நிலா. வேற ஒண்ணும் இல்ல."

ஆதிரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. மண்டபத்திலிருந்து பேசுகிறான், ஆனால் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"ஏன்டா அவ்வளவு அமைதியா இருக்கு?"

"முன்னூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தோம்" என்றான் மகிழன். "பதினேழு பேர் வந்திருக்காங்க."

"பெரியப்பா?"

"வரல."

"தெரிஞ்சுபோச்சா? யாராவது வந்து ஏதாவது பேசினாங்களா?"

"யாரும் ஒண்ணுமே பேசலக்கா. எல்லாரும் தன்மையா போன் பண்ணி வருத்தப்பட்டாங்க. பெரியப்பாவுக்கு முட்டி வலியாம். சின்ன அத்தை ஊர்ல பஸ்ஸை மறிச்சுட்டாங்களாம். ஒருத்தருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். எல்லாமே நல்ல காரணம்தான். நிஜமாக்கூட இருக்கலாம். பெரியப்பா போன மாசமே முட்டிக்கு ஊசி போட்டுக்கிட்டாரு." அவன் மூச்சை இழுத்து விட்டான். "என்னது தெரிஞ்சு வரலையா, தங்களோடது வாசல் திரையில தெரிஞ்சுடும்னு பயந்து வரலையா, இல்ல நெஜமாவே முட்டி வலியா? எப்படிக்கா கண்டுபிடிக்கறது? இனிமே யாரு எதுக்கு வரலேன்னாலும் எப்படிக்கா கண்டுபிடிப்பேன்?"

டிக்கை எடுத்தாயிற்று, ஏழு கோடிப் பெட்டிகளும் மறுபடி காலியாகிவிட்டன. பார்த்த கண்களிலிருந்து எதை எடுப்பது?

"இரு, அத்தை உன்கிட்ட பேசணுமாம்."

நிலாவின் அம்மா பூர்ணிமா எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள். இன்றும் அப்படித்தான் பேசினாள்.

"நல்லா இருக்கியாம்மா? விசேஷம் நல்லபடியா முடிஞ்சுது. மொத வளையல் நாத்தனார்தான் போடணும், நீ இல்லியேன்னு நிலாதான் கொஞ்சம் கண் கலங்கிட்டா. சமையலுக்கு வந்த அம்மாவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். அவங்க தயங்கித் தயங்கித்தான் போட்டாங்க."

"அத்தை, நான் வரக்கூடாதுன்னு இல்ல. இன்னிக்கு ஆபீஸ்ல…"

சொல்லத் தொடங்கியவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. அவள் சொல்ல வந்தது முழு உண்மை. ஆனால் அவள் காதுக்கே அது முட்டி வலி மாதிரி கேட்டது.

"தெரியும்மா" என்றாள் பூர்ணிமா, அதே மெதுவான குரலில். "இன்னிக்கு எல்லாருக்குமே ஏதாவது ஒரு வேலை வந்துடுச்சு."